ஆறு பல்லுக் குதிரை

முப்பத்தொரு வருடம் நான் செய்த வேலை மாட்டின் தலையைப் பிடிப்பது. பதிவேட்டில் என் பதவிக்கு நீளமான வேறொரு பெயர் இருந்தது. அதை ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கல்முனைப் பக்கத்து மிருக வைத்தியர் கந்தோரில் "பிடிகாரர்" என்றால் அது நான்தான். டொக்டர் மாட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். நான் முன்னால் கயிற்றோடு நிற்பேன். மாட்டுக்கு என்ன வருத்தம் என்று சனங்கள் டொக்டரிடம்தான் கேட்பார்கள், என்னிடம் கேட்கமாட்டார்கள். எனக்கும் அது வசதியாகவே இருந்தது. நாலு பேர் நிற்கும் இடத்தில் வாய் திறப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே கஷ்டம்.

இந்த வருடம், ஐம்பத்தேழு வயதில், ஓய்வு எடுத்தேன். போவதற்கு முன் இப்போதைய டொக்டர் மிஸ் என்னைக் கூப்பிட்டார். இப்போது கந்தோருக்கு மாடு வருவது குறைந்து, மாட்டின் படம் வருவது கூடிவிட்டது. எங்கேயோ நிற்கிற மாட்டைப் போனில் பார்த்து விலை பேசிவிட்டு, அந்த வீடியோவை அனுப்பி, "நல்ல மாடு எண்டு ஒரு துண்டு எழுதித் தாங்க மிஸ்" என்று கேட்கிறார்கள்.

"நானா, நீங்க அந்தக் குதிரைக் கதையை எழுதித் தாங்க. கேக்கிற ஆக்களுக்கு வாசிக்கக் குடுப்பம்" என்றார் மிஸ். வயதில் மூத்தவரை நானா என்பது எங்கள் பக்க வழக்கம்.

"எனக்கு எழுத வராது மிஸ். சாதாரண தரத்தோட படிப்பை நிப்பாட்டின ஆள்."

"கதைக்கத்தானே கூச்சம்? எழுதக்குள்ள உங்கட முகத்தை யார் பாக்கிற?"

வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு கொப்பி வாங்கினேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் தரவில்லை. முதல் மாதம் மூன்று தடவை உதை வாங்கினேன். இரண்டாம் மாதம் ஒன்று. மாடு உதைப்பதற்கு முன் எந்தக் காதைத் திருப்பும் என்று அதற்குள் தெரிந்துவிட்டது. மற்றதையெல்லாம் எங்கள் பெரிய டொக்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பெரியநீலாவணைக்காரர். நான் வேலை செய்த காலத்தில் பாதிக்கு மேல் அவர்தான் அங்கே டொக்டர்.

மாடு வாங்குகிறவர்கள், வாங்குவதற்கு முன் அவரிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். அவர் உடனே கிட்ட வரமாட்டார். பத்து அடி தள்ளி நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் பார்ப்பார். விற்க வந்தவர் மாட்டின் பெருமையைச் சொல்லத் தொடங்கினால், "கொஞ்சம் பொறுங்க, இப்ப மாடு கதைக்குது" என்பார். பிறகு என்னை மாட்டை நடத்தச் சொல்வார். முதலில் தார் றோட்டில், பிறகு பக்கத்து மணலில். தார் றோட்டில் காலடிச் சத்தத்தைக் கேட்பார். மணலில் அடி பதிந்த இடத்தைக் குனிந்து பார்ப்பார். நாலு அடியும் ஒரே ஆழமாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு கண், மூச்சு, வாய், மடி. ஒவ்வொரு காம்பிலிருந்தும் நாலு துளி பாலை உடைந்த சிலேட்டுத் துண்டு ஒன்றில் கறந்து வெயிலில் சரித்துப் பார்ப்பார். எல்லாம் முடிந்து, சவர்க்காரம் போட்டுக் கை கழுவித் துடைத்த பிறகுதான் "இனி எழுதலாம்" என்பார். நான் கொப்பியை எடுத்துக் கொடுப்பேன். இந்த வரிசை ஒரு நாளும் மாறியதில்லை.

வாங்கு என்றோ வாங்காதே என்றோ அவர் சொன்னதில்லை. மருதமுனையில் கைத்தறி நெய்கிற ஒரு பெண் பசு வாங்க வந்தபோது, "மூண்டு காம்பு வேலை செய்யுது. நாலாவது செய்யாது" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண் பசுவை வாங்காமலே வீட்டுக்குப் போனாள். விற்க வந்த தரகர் எங்கள் இருவரையும் முறைத்துக்கொண்டு போனார்.

ஒருமுறை கடை முதலாளி ஒருவர் மாடு இல்லாமல் வந்து துண்டு கேட்டார்.

"மாடு எங்க?"

"வீட்ட நிக்கிது சேர். நல்ல மாடு. நான் பொறுப்பு."

"அப்ப என்ட கையெழுத்தும் வீட்டதான் நிக்குது. ரெண்டும் சந்திக்கிற நாளில வாங்க."

முதலாளிக்குக் கோபம் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் நின்ற கன்றின் முகத்துக்குப் பின்னால் என் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

இனிக் குதிரைக்கு வருகிறேன். நான் ஓய்வு எடுப்பதற்கு முந்திய வருடம் நடந்தது. பெரிய டொக்டர் அதற்கு முன்பே ஓய்வு பெற்று பெரியநீலாவணையில் வீட்டோடு இருந்தார்.

என் தங்கச்சி ஸுலைஹாவின் கணவர் றஹீம் மச்சான், கல்முனைக்குடியில் சொந்தத் தோணியும் இஞ்சினும் வைத்துக் கடலுக்குப் போனவர். முதுகெலும்பில் கோளாறு வந்து, இனிக் கடலுக்குப் போனால் எழுந்து நடக்கமாட்டாய் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மூன்று பிள்ளைகள். மச்சானுக்கு வேறு தொழில் தெரியாது. அவர் தோணியை விற்றார். அந்தக் காசில் ஒரு குதிரை வாங்கி, அஸர் தொழுகைக்குப் பிறகு பின்னேரம் கடற்கரைக்கு வருகிற பிள்ளைகளை ஏற்றி நடத்தலாம், கல்யாண ஊர்வலத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றலாம் என்று முடிவு செய்தார். வேறு ஊர்க் கடற்கரையில் அப்படி ஓடுகிற வீடியோ ஒன்றைப் பார்த்திருந்தார். தோணி போன பிறகு வீட்டுக்கு இருந்த ஒரே வழி அந்தக் குதிரைதான்.

நுவரெலியாவில் ஒரு குதிரை விலைக்கு நிற்பதாகப் போனில் விசாரித்துப் பிடித்தார். படமும் வந்தது. என்னிடம் இருந்தது பட்டன் போன். அதில் படம் வராது. ஒரு நாள் நான் கந்தோரில் மாடொன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது மச்சான் எனக்குப் போன் எடுத்தார்.

"மச்சான், குதிரைக்காரன்ட எத்தின பல்லெண்டு கேட்டன். ஆறு பல்லாம்."

"ஆறா?"

"ஓம், ஆறு. ரெண்டு தரம் கேட்டன். எண்ணிப் பாத்துத்தான் சொன்னான்."

எங்கள் ஊரில் பல் எண்ணத் தெரியாத ஆள் குறைவு. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அறுத்துக் குர்பான் கொடுக்கிற மாடு இரண்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். அதனால் மாட்டின் கீழ்வாயைத் திறந்து, விழுந்து முளைத்த பல் எத்தனை என்று பார்ப்பது எல்லாருக்கும் பழக்கம். இரண்டு பல் என்றால் இரண்டு வயது கடந்தது. நாலு என்றால் மூன்று. ஆறு என்றால் மூன்றரை, நாலு. எட்டும் முளைத்துவிட்டால் அதற்கு மேல். யாராவது "வயசு என்ன?" என்று கேட்டால் விற்கிறவர் பொய் சொல்லலாம். "எத்தின பல்லு?" என்று கேட்டால் முடியாது, வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். அதனால் எங்கள் ஆட்கள் வயதைக் கேட்பதே இல்லை.

நானும் யோசிக்கவில்லை. "ஆறு பல்லெண்டா நாலு வயசுக்கு மேல போகாது. நல்ல வயசு. எடுங்க மச்சான்" என்று சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரு பிராணியைப் பற்றி நானாக வாய் திறந்து சொன்ன முதல் தீர்ப்பு அது. சொல்லிவிட்டு எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நாலு நாள் கழித்துத் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். அடுத்த நாள் குதிரையை ஏற்ற லொறி போகிறது என்று வீடே பரபரப்பாக இருந்தது. காசைக் குதிரைக்காரரின் கையில் நேரே கொடுப்பதாகப் பேச்சு. ஸுலைஹா தேத்தண்ணி கொண்டுவந்தாள். அண்ணன் என்பதற்கு எங்கள் வீட்டில் காக்கா.

"எனக்கு முதல்ல பயம்தான் காக்கா. மறுகா நீங்க சொன்னதெண்டு இவர் சொன்னார். காக்கா வாய் தொறந்து சொன்னா அதில விசயம் இரிக்கிமெண்டு நானும் ஓமெண்டுட்டன்."

சொல்லிக்கொண்டே தன் போனை என் கையில் தந்தாள். குதிரையின் படங்கள். மண்ணிறம், பளபளப்பான உடம்பு. அடுத்த படத்தில் ஒரு கை குதிரையின் உதடுகளை விரித்துப் பிடித்திருந்தது. கீழே ஆறு பல். எண்ணினேன், சரி. பிறகுதான் மேலே பார்த்தேன். மேலேயும் ஆறு பல் இருந்தது.

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். மாட்டுக்கு முன்பக்கம் மேல்பல் கிடையாது. வெறும் ஈறுதான், எங்கள் பேச்சில் முரசு. முப்பது வருடம் நான் பயமில்லாமல் கை விட்ட வாய் எல்லாம் மேல்பல் இல்லாத வாய். இந்த வாய் வேறு. வாய் வேறென்றால் கணக்கும் வேறாக இருக்குமே என்று அப்போதுதான் தலையில் ஏறியது. நான் அதுவரை ஒரு குதிரையின் வாயைக் கிட்ட நின்று பார்த்ததே இல்லை.

ஸுலைஹாவிடம் ஒன்றும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு பெரியநீலாவணைக்கு மிதித்தேன். பெரிய டொக்டர் வீட்டு வளவில் வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தேன். அவர் குழாயை மூடினார்.

"குதிரைக்கு முழுக்க முளைச்சாலே கீழ ஆறுதான் தம்பி. அஞ்சு வயசிலயும் ஆறு, இருபத்தஞ்சிலயும் ஆறு."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ குதிரையைக் கண்டியா?"

"இல்ல சேர்."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு கை விரல்களைக் கீழ்நோக்கியும் மறு கை விரல்களை மேல்நோக்கியும் நுனியோடு நுனி முட்டவைத்து நேராகப் பிடித்தார். "பக்கவாட்டில பார். இளம் குதிரையின்ட பல்லு இப்பிடி நேரா முட்டும்." பிறகு மணிக்கட்டுகளைப் பின்னுக்கு இழுத்தார். விரல் நுனிகள் கூரை முகடு மாதிரி முன்னால் தள்ளி நின்றன. "வயசு போகப் போக இப்பிடி வரும். மறுகா மேல்வாய் முன்பல்லு வரிசையில கடைசிப் பல்லைப் பார். பத்து வயசில முரசடியில ஒரு கோடு தொடங்கும். இருபதில நுனிக்கு வந்திரும். அதுக்குப் பிறகு மேலயிருந்து அழியும். மற்றதெல்லாம் உனக்குத் தெரிஞ்சதுதான்."

"சேர், நீங்க ஒருக்கா வந்தா..."

"எனக்கு அவ்வளவு தூரம் பஸ்ஸில ஏலாது. நீ போ. போய்ப் பார்."

திரும்பி வந்து மச்சானிடமும் தங்கச்சியிடமும் சொன்னதுதான் அந்த முப்பத்தொரு வருடத்தில் நான் செய்த கஷ்டமான வேலை. உதை வாங்கியது அதைவிட லேசு. மச்சான் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"முப்பது வருசமா மாட்டப் பாத்தியா, மாட்டுக் கயித்தப் பாத்தியா?"

"சும்மா இரிங்க" என்றாள் ஸுலைஹா. அவள் முகம் வெளிறியிருந்தது. "காக்கா, இப்ப என்ன செய்யிற? தோணியும் போயிட்டே."

"லொறியில நானும் போறன். பாத்துட்டுச் சொல்றன்."

விடியற்காலை சுபஹுத் தொழுகை முடிந்ததும் புறப்பட்டோம். பிபிலை தாண்டி மலை ஏற ஏற மச்சான் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். நுவரெலியாவில் இறங்கியபோது குளிரில் இருவருக்கும் பல் கிடுகிடுத்தது.

லாயத்தில் இருந்தவர் பெருமாள். மச்சானோடு போனில் பேசியவர் அவர்தான். தேயிலைத் தோட்டத்து மனிதர், குதிரைகளைப் பராமரிக்கிறவர். அவரே குதிரையை வெளியே கொண்டுவந்தார். நன்றாகத் தேய்த்து மினுக்கி வைத்திருந்தார். மச்சான் "மாஷா அல்லாஹ்" என்று சொல்லிக்கொண்டே கிட்டப் போனார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். பத்து அடி தள்ளி நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

மச்சானுக்குப் பொறுமை போனது.

"என்ன மச்சான், பொண்ணு பாக்கவா வந்த? ஏதாவது கதையன்."

"கொஞ்சம் பொறுங்க."

குதிரையின் இரண்டு கண்ணுக்கு மேலேயும் பெருவிரல் வைக்கலாம்போல் குழி விழுந்திருந்தது. அது ஆறுதலாக நின்றபோதெல்லாம் இடது முன்காலைக் கொஞ்சம் முன்னுக்கு வைத்து, பாரத்தை மற்றக் காலுக்கு மாற்றியது. தார் றோட்டில் நடத்தச் சொன்னேன். சத்தம் நாலும் ஒன்றாக விழவில்லை.

பிறகு வாய். பெருமாள் குதிரையின் தலையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அன்றைக்கு வேறொருவர் தலையைப் பிடிக்க, பார்க்கிறவன் நானாக இருக்கிறேன் என்று. கடிக்கிற மேல்பல்லுக்குக் கிட்ட என் விரல் போனது அதுதான் முதல் தடவை. உதட்டை விலக்கிப் பார்த்தேன். பல் இரண்டு வரிசையும் கூரை முகடு மாதிரி முன்னுக்குத் தள்ளியிருந்தது. கடைசிப் பல்லில் கோடு நுனிவரை ஓடியிருந்தது. முரசடியில் அது அழியத் தொடங்கியிருந்தது.

"இது இருபதுக்கு மேல" என்றேன்.

"இருபத்திரெண்டுங்க" என்றார் பெருமாள், கொஞ்சமும் தயங்காமல். "குட்டியா வந்ததிலேர்ந்து நான்தான் பாக்குறேன். நல்ல புள்ளைங்க இது."

மச்சான் பாய்ந்தார். "அப்ப ஏன் நீங்க போன்ல சொல்லல்ல?"

"நீங்க வயசு கேக்கவே இல்லீங்களே. எத்தினி பல்லுன்னுதான் கேட்டீங்க. எனக்கே ஆச்சரியமா இருந்திச்சு, என்னடா இவங்க பல்லை எண்ணச் சொல்றாங்களேன்னு. ஆனாலும் வாயைத் தொறந்து எண்ணிச் சொன்னேன். கீழ ஆறு, மேல ஆறு. நீங்க கீழ மட்டும்னு சொன்னீங்க."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். பிறகு ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. மச்சான்தான். முதுகு நோகுமென்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆனால் சிரிப்பு முடிந்ததும் லாயத்தின் கற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"வெறுங்கையோட போய் அவள்ட என்னத்தச் சொல்ற மச்சான்?"

பெருமாளுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். "உள்ள இன்னொண்ணு நிக்குதுங்க" என்றார். "படம் எடுத்து அனுப்பலீங்க. காது கிழிஞ்சது. படத்துல பாத்தா யாரும் கேக்க மாட்டாங்க."

கொண்டுவந்தார். உயரம் குறைவு. சாம்பல் நிறம். வலது காதில் பாதி இல்லை. வேலிக் கம்பியில் கிழிந்ததாம். அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. நான் திரும்பவும் பத்து அடி போனேன். இந்த முறை மச்சானும் என் பக்கத்தில் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

முதலில் தார் றோட்டு. அங்கே மணல் இல்லாததால் மரக்கறிப் பாத்தி ஓரத்து ஈரமண்ணில் நடத்தினேன். நாலு அடியும் ஒரே ஆழம். ஓட விட்டு மூச்சைப் பார்த்தேன். கண்ணுக்கு முன்னால் கையைக் கொண்டுபோனேன், இமைத்தது. பிறகு பிள்ளைகள் செய்கிறதையெல்லாம் செய்தேன். பின்னால் நின்று கை தட்டினேன். வாலை இழுத்தேன். வயிற்றுக்குக் கீழே குனிந்து அந்தப் பக்கம் போனேன். அது திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றது. கடைசியாக வாய். பல் நேராக முட்டியது. கோடு இன்னும் தொடங்கவில்லை. அங்கே தண்ணீர் விழுந்த பீலியில் கையைக் கழுவினேன். தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருந்தது. சவர்க்காரம் இல்லாதது எனக்கு ஒரு குறையாகத் தெரிந்தது.

"சொல்லு மச்சான். எடுக்கவா?"

"வயசு பத்துக்குள்ள. நாலு காலும் சமனா வைக்கிது. ரெண்டு கண்ணும் தெரியிது. மூச்சு சரி. வலது காது பாதிதான் இரிக்கி."

"எட்டு வயசுங்க" என்றார் பெருமாள், இந்த முறை நாங்கள் கேட்காமலே.

மச்சான் குதிரையின் காதைப் பார்த்தார். "காதுலயா புள்ளைகள் ஏறப்போகுது?" என்று சொல்லிக் காசை எடுத்துக் கொடுத்தார்.

ஊருக்கு வந்து அடுத்த நாள் அஸருக்குப் பிறகு அதைக் கடற்கரைக்குக் கொண்டுபோனோம். ஸுலைஹா, பிள்ளைகள், பாதி ஒழுங்கைச் சனம் எல்லாரும் பின்னால் வந்தார்கள். மணல் தொடங்கும் இடத்தில் குதிரை நின்றுவிட்டது. கடலைப் பார்த்தது. அலை ஒன்று உடைந்தது. அது இரண்டு அடி பின்னுக்குப் போய், இருந்த ஒன்றரைக் காதையும் நிமிர்த்திக்கொண்டு நின்றது. மலையில் வளர்ந்த பிராணிக்கு இதெல்லாம் எங்கே தெரியும். இழுத்தும் வரவில்லை, வாழைப்பழம் காட்டியும் வரவில்லை.

எல்லாவற்றையும் பார்த்தேன், கடலைக் காட்டிப் பார்க்க வழி இருக்கவில்லையே என்று நினைத்தேன். மச்சான்தான் சத்தமாகச் சொன்னார்:

"அதை ஏசாதீங்க. நாங்க எண்டாலும் அதைப் போய்ப் பாத்துட்டு வாங்கின. அது பாவம், நம்மளயும் இந்தக் கடலயும் பாக்காமத்தானே வந்த."

எல்லாரும் சிரித்தார்கள். ஸுலைஹாவும் சிரித்தாள். நாலு நாளாக அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

அன்றைக்கு அப்படியே திருப்பிக் கொண்டுபோனோம். இரண்டாம் நாள் மணலில் பத்து அடி வந்தது. மூன்றாம் நாள் ஈரமணல் வரை தானாக நடந்தது. அலை வந்து கால் நனைந்தபோது குனிந்து மோந்து பார்த்துவிட்டு, தும்மியது. மச்சானின் சின்ன மகளை மேலே ஏற்றினோம். நான் குதிரையின் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை ஒரு மாலை, கூட்டத்துக்குப் பின்னால் ஒரு குடை தெரிந்தது. பெரிய டொக்டர். இந்தத் தூரத்துக்குப் பஸ் சரிவரும் போலிருக்கிறது. எனக்குக் கைகாட்டவில்லை. பத்து அடி தள்ளி நின்றார். குடையை மடக்கி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பிள்ளைகள் ஏறினார்கள், இறங்கினார்கள். அவர் மணலில் குனிந்து குளம்பு பதிந்த இடங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். கண்ணைப் பார்த்தார். கழுத்தில் தட்டினார். கிழிந்த காதைத் தடவினார். வாயைத் திறந்து காட்ட நான் உதட்டில் கை வைத்தேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"வயசு?"

"எட்டு, சேர்."

"பாத்தியா?"

"ஓம் சேர். பாத்தன்."

அவர் கடல் தண்ணீரில் கையைக் கழுவி, கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்தார்.

"சரி" என்றார். "இனி எழுதலாம்."